கல்லுமலைத் தோட்டத்தின் நட்டம்

அந்த நோட்டீஸைக் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று வாசித்தவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, "ஏன் டீச்சர், நீங்கதானே வாசிச்சீங்க?" என்று குத்திக்காட்ட வேண்டாம். என்னை நானே குத்திக்கொண்டது போதும்.

என் பெயர் சுகிர்தம். 1961இல் டயகமைக்குப் போகிற வழியில் இருக்கும் கல்லுமலைத் தோட்டத்தில் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். சம்பளம் தோட்டத்துச் சம்பளம். அதாவது தொரை நினைத்தால் நான் டீச்சர், நினைக்காவிட்டால் மறுநாள் பெட்டியைக் கட்ட வேண்டியவள். தோட்டத்தில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். வெள்ளைக்காரத் தொரை ஒருவர். கந்தோரில், அதாவது தோட்டத்து ஆபீஸில், எழுதுகிற கிளாக்கர் ஒருவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த புண்ணியத்தில் நான் ஒருத்தி.

நடந்ததைச் சொல்கிறேன்.

மே மாதம் பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை பிற்பகல், சோலைமலை செத்துப்போனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடியை ஒரே வீச்சில் மட்டமாக வெட்டுகிற ஆள். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. அன்றைக்கு மூன்று மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிக் கொழுந்து மடுவத்துக்கு வந்து உட்கார்ந்தார். பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கிற இடம் அது. அவருடைய மனைவி ராக்காயி அப்போது தராசு வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். புருசனைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். ஆளுக்குச் சட்டையெல்லாம் வேர்வை, உதடு கறுத்துவிட்டது.

மடுவத்து வாசலில் தோட்டத்து லொறி நின்றது. கொழுந்துச் சாக்குகளை ஏற்றி முடித்திருந்தார்கள்.

"கண்டாக்கையா, லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கய்யா! ஒங்க கால்ல விழுறேன்!" என்று ராக்காயி கதறினாள்.

கண்டாக்கு என்பவர் தொரைக்குக் கீழே மலையில் வேலை வாங்குகிறவர். அவர் சோலைமலையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மூச்சுப் பிடிப்பா இருக்கும். சுடுதண்ணி வச்சுக் குடு. மொதல்ல கொழுந்து ஸ்டோருக்குப் போகட்டும். சாக்குல கெடந்தா வெந்துபோயிரும். லொறி திரும்பி வந்ததும் ஏத்திக்கலாம்" என்றார்.

லொறி டிரைவர் அழகன் இறங்கி வந்தான். "ஐயா, சாக்கு மேல படுக்க வச்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, அப்பறமா ஸ்டோருக்குப் போறேங்க. ஒரு மணி நேரம்தானேங்க பிந்தும்."

"கொழுந்து மேல ஆளைப் போட்டு நசுக்கப் போறியா? ஒன் வேலையைப் பாருடா."

அழகன் தன் வேலையைப் பார்த்தான். பிள்ளைகுட்டிக்காரன், அவனை நான் குறை சொல்ல மாட்டேன். லொறி தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய்த் திரும்பி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் சோலைமலை மடுவத்துத் தரையில், ராக்காயியின் மடியில், அவ்வளவுதான். கொழுந்து வேகவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எடுத்தார்கள். எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. வரிசை வீடுகளான லயத்தில் ஒரு சாவு விழுந்தால், பிணம் எடுக்கிற நேரத்துக்கு தோட்டத்தின் அந்தப் பிரிவு, அந்தக் கணக்கு முழுக்க வேலையை நிறுத்திவிட்டுக் கூடவே வரும். சட்டத்தில் எழுதியதல்ல. எழுதவும் தேவையில்லை. ஊர் நாட்டில் என்றால் தூக்குவதற்குப் பங்காளி இருப்பான், மச்சான் இருப்பான். கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? பக்கத்துக் காம்பராக்காரன்தான் பங்காளி. அவன் வராவிட்டால் பாடையைத் தூக்க நாலு பேர் தேற மாட்டார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல்கணக்கு லயத்து ஆண், பெண் எல்லாரும் மலையை விட்டு இறங்கினார்கள். நானும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனேன். தப்பு அடித்து, பூப்போட்டு, மரியாதையாகத்தான் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

அந்த அரை நாளுக்கு யாருக்கும் சம்பளம் இல்லை. செக்ரோல் என்கிற வரவுப் பதிவில் அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை என்றுதான் போட்டார்கள். அதை யாரும் கேட்கவும் இல்லை. வேலை செய்யாத நேரத்துக்குக் கூலி எதற்கு என்று சனம் பேசாமல் இருந்துவிட்டது. அவ்வளவு நியாயமான சனம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை தொரை என்னைப் பெரட்டுக் களத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். பனி கண்ணை மறைக்கிற நேரம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேல்கணக்கு மொத்தமும் நின்றது. தொரை என் கையில் டைப் அடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, "நல்ல தமிழில், எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி சொல்லுங்கள்" என்றார்.

நானும் சொன்னேன். பதினாறாம் தேதி பிற்பகல் மேல்கணக்குத் தொழிலாளர்கள் அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போனார்கள். அதனால் தோட்டத்துக்கு நட்டம். அந்த நட்டத்தைத் தோட்டம் அவர்களிடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சம்பளமில்லாமல் ஒரு முழுநாள் கொழுந்து எடுக்க வேண்டும். வராதவர்களுக்கு அடுத்த வாரம் முழுக்க வேலை இல்லை.

வாசித்து முடித்த பிறகுதான் நான் என்ன வாசித்தேன் என்பதே எனக்கு உறைத்தது. கூட்டத்தில் ராக்காயி நின்றாள். புருசனைப் புதைத்து மூன்று நாள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அந்தத் தாளில் இங்கிலீஷில் இருந்த வினைச்சொல் 'ரிக்கூப்'. தோட்டம் நட்டத்தை ரிக்கூப் செய்யும். வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்துப் பார்த்தேன், என் மனச்சாட்சிக்கு எங்காவது ஒரு சந்துபொந்து கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. நான் சொன்ன அர்த்தம் சரிதான். இழந்ததை அல்லது செலவழித்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வது. கீழே இரண்டு உதாரண வாக்கியம் வேறு போட்டிருந்தார்கள். வியாபாரி தன் நட்டத்தை ரிக்கூப் செய்தான். கம்பெனி தன் செலவை ரிக்கூப் செய்தது. அகராதியை மூடி வைத்தேன்.

பாவிகள் அதோடு விட்டார்களா? இல்லை. கண்டாக்குக்குக் கீழே வேலையாட்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளை மலைக்கு மலை போய் ஓதினான். "தொரை மேல என்னா குத்தம்? சோலமலை சாவுக்குப் போனதுக்குத்தானே ஒங்களுக்கு ஒரு ஞாயித்துக்கெழம போவுது? ராக்காயியப் போயிக் கேளுங்க." ஞாயிற்றுக்கிழமை என்பது லயத்துச் சனத்துக்கு என்ன தெரியுமா? துணி துவைக்க, விறகு பொறுக்க, கடைக்குப் போய் அரிசி வாங்க, பிள்ளைக்குப் பேன் பார்க்க இருக்கிற ஒரே நாள். அதைப் பிடுங்கினால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் எரிச்சல் எங்கே போய் விழ வேண்டுமோ அங்கே விழாமல் ராக்காயி தலையில் விழுந்தது. பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கும். இரண்டு பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். புருசனைத் தூக்க வந்த அதே கைகள்தான்.

திங்கட்கிழமை ராக்காயி என்ன செய்தாள் தெரியுமா? கண்டாக்கு பங்களாவுக்குப் போயிருக்கிறாள். அந்தக் கண்டாக்கிடம்! பின்கட்டில் நின்று, "ஐயா, சனத்தோட ஞாயித்துக்கெழமய விட்டுருங்க. எல்லாருக்கும் சேத்து நான் ஒருத்தியே செய்யிறேன். எத்தன ஞாயித்துக்கெழம ஆனாலும் செய்யிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாராம். யோசிக்கிறாராம்! நாக்கூசாமல் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயந்திரம் ராக்காயியே என்னிடம் வந்து இதைச் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சுளகைத் தூக்கி வீசிவிட்டேன்.

"ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா ராக்காயிக்கா? புருசனைப் பொதைச்சதுக்கு நீங்க அபராதம் கட்டுவீங்களா?"

"வேற என்னா செய்யச் சொல்றீங்க டீச்சரம்மா? நாளைக்கு இன்னொரு வீட்டுல சாவு விழுந்தா இந்தச் சனம் போவுமா? போனா ஞாயித்துக்கெழம போயிரும்னு பயந்துக்கிட்டு வீட்டுலயே இருக்கும். இந்தக் கெட்ட பழக்கம் எங்க வீட்டுச் சாவுலதான் ஆரம்பிச்சதுன்னு இருக்கணுமா? அதுக்கு நானே செஞ்சுட்டுப் போறேன்."

அப்போதுதான் பேச்சியம்மா உள்ளே வந்தாள். மேல்கணக்கில் கொழுந்து எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் ஆளில்லை. கூடவே அம்மாக்கண்ணும் வந்தாள். இரண்டு பேரும் பீலியடியில் முகத்தைத் திருப்பியவர்கள்தான். கண்டாக்கு பங்களா விஷயம் லயத்துக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன்டி, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று பேச்சியம்மா ராக்காயியைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்காக நீ செய்யிறியா? நாங்க என்னா செத்தா போயிட்டோம்? கணக்கப்புள்ள சொன்னான்னு நாங்க நாலு நாளு மூஞ்சியத் திருப்பினோம், எங்கள செருப்பால அடி, வாங்கிக்கிறோம். அதுக்காக அந்த ஆளு வாசல்ல போயி நிப்பியா?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். ராக்காயியும் அழுதாள். அம்மாக்கண்ணு யாரும் கேட்காமலே என் அடுப்பில் தேத்தண்ணி வைத்தாள்.

அழுகை ஓய்ந்ததும் ராக்காயி கேட்டாள். "டீச்சரம்மா, அந்தக் கடுதாசியில இருக்கிற சொல்லுக்கு என்னா அர்த்தம்? மறுபடியும் சொல்லுங்க."

"எழந்ததைத் திரும்ப எடுத்துக்கிறது."

"எழந்தாத்தானே திரும்ப எடுக்கணும்?"

"ஆமா."

"தோட்டம் எதை எழந்துச்சு?"

"அதான் அரை நாள் கொழுந்து..." என்று நான் இழுத்தேன். பேச்சியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க, சரி. ஆனா கொழுந்து எடுத்திருக்கீங்களா? செவ்வாக்கெழம நாங்க எறங்கி வந்துட்டா கொழுந்தும் எங்ககூட எறங்கி வந்துருமா? சுடுகாட்டுக்கா வந்துச்சு அது? செடியிலதானே இருந்துச்சு!"

"புதங்கெழம விடியமுன்ன அந்த மலைக்குத்தானே எங்கள வெரட்டுனாங்க" என்றாள் அம்மாக்கண்ணு. "ராத்திரி மழ வேற. கொழுந்து என்னா மாதிரி நின்னுச்சு தெரியுமா? மாமூலா நான் முப்பத்தஞ்சு இறாத்தல் எடுப்பேன். செவ்வாக்கெழம பதினாறுதான். புதங்கெழம அம்பத்தொண்ணு. வியாழக்கெழம நாப்பத்தெட்டு. தோள்பட்ட எறங்கிப் போச்சு."

"எனக்கு அம்பத்தேழு" என்றாள் பேச்சியம்மா. "கூடை கொள்ளாம மூணு தடவ மடுவத்துக்கு நடந்தேன். அந்தக் கண்டாக்கே பாத்துட்டு, இன்னைக்கு நல்ல கொழுந்துன்னு பல்லக் காட்டினாரு."

கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குத் தன் பிள்ளை பிறந்த தேதி மறந்துபோகலாம், நிறுத்த இறாத்தல் மறக்காது. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி அந்த மலைக்குப் போவார்கள். ஏழாம் நாள் எடுக்க வேண்டியதை எட்டாம் நாள் காலையில் எடுத்தால் கொழுந்து முற்றிவிடாது, கொஞ்சம் வளர்ந்திருக்கும், எடை கூடும், அவ்வளவுதான். இது தொரைக்குத் தெரியும். கண்டாக்குக்குத் தெரியும். இந்த மூன்று பெண்களுக்கும் தெரியும். தெரியாமல் தாளைப் பிடித்துக்கொண்டு நல்ல தமிழில் வாசித்த மடச்சி நான் ஒருத்திதான்.

யோசித்துப் பாருங்கள். அரை நாள் சம்பளத்தை வெட்டியாயிற்று. விட்ட கொழுந்தை இரண்டு நாளில் முதுகு ஒடிய எடுத்துக் கொடுத்தாயிற்று. இழந்தது ஒன்றுமில்லை. இதற்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் பிடுங்கி, அதற்கு ரிக்கூப் என்று பெயரும் வைத்தால், அதைத் தமிழில் திருட்டு என்றுதான் நான் வாசித்திருக்க வேண்டும்.

அன்றைக்கே சங்கத் தலைவர் செல்லசாமியைக் கூப்பிட்டோம். ராக்காயி பேரில் லேபர் கந்தோருக்கு நான் இங்கிலீஷில் மனு எழுதினேன். செல்லசாமி மறுநாள் முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்க் கொடுத்தார். வியாழக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லிக் கட்டளை வந்தது. கொழுந்து நிறுத்த புத்தகத்தையும் தொரை கொண்டுவர வேண்டும் என்று அதில் போட்டிருந்தது.

மனுவை எழுதியது யார் என்று தொரைக்குத் தெரியவில்லை, சங்கத்துக் கந்தோரில் யாரோ எழுதியது என்று நினைத்துக்கொண்டார். தெரியாததால்தான், விசாரணையில் தமிழிலிருந்து இங்கிலீஷுக்குச் சொல்ல என்னையே வரச் சொன்னார். தோட்டத்துச் சம்பளம் வாங்குகிறவள் தோட்டத்துப் பக்கம்தான் பேசுவாள் என்ற நினைப்பு. அவருடைய காரில் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். வழியில் ராக்காயியும் செல்லசாமியும் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு தூறலில் நிற்பதைப் பார்த்தேன். கார் நிற்கவில்லை. எனக்கு முள்ளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

லேபர் கந்தோரில் விசாரித்த அதிகாரி, எல்லாரும் மாத்தையா என்று கூப்பிடுகிறவர், சிங்களவர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். செல்லசாமியிடம் சிங்களத்தில் பேசினார், தொரையிடம் இங்கிலீஷில். யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. கொழுந்துப் புத்தகத்தை வாங்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார்.

"செவ்வாய்க்கிழமை குறைந்திருக்கிறது" என்றார்.

"அதைத்தான் நான் சொல்கிறேன்" என்றார் தொரை.

"புதன்கிழமை கூடியிருக்கிறது. வியாழக்கிழமையும் கூடியிருக்கிறது. மூன்று நாளையும் கூட்டினால், முந்திய வாரத்தைவிட அதிகம்."

தொரை, "அது மழையினால்" என்றார்.

"மழையால் கூடிய கொழுந்துக்காக அந்தப் பெண்களுக்கு நோட்டீஸ் ஏதும் எழுதவில்லையே நீங்கள்" என்றார் மாத்தையா. பிறகு செக்ரோலைப் பார்த்தார். "அரைப்பேர் போட்டிருக்கிறீர்கள். அந்த அரை நாள் கூலியும் கொடுக்கவில்லை. அப்படியென்றால் தோட்டத்துக்கு என்ன நட்டம்?"

தொரைக்கு முகம் சிவந்தது. ஒழுங்கு என்றார். முன்னுதாரணம் என்றார். இன்றைக்கு ஒரு சாவு, நாளைக்கு ஒரு கலியாணம் என்றார். ஆனால் நட்டம் என்ன என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில், இதற்கு மேல் இழுக்க விருப்பமில்லை, ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கைவிடுகிறேன் என்றார். லேபர் கந்தோர் கிளாக்கர் டைப் அடித்துக் கொண்டுவந்தார். தொரை சொல்லச் சொல்ல அடித்தது. மனு போட்டவள் என்பதால் ராக்காயியும் கைநாட்டு வைக்க வேண்டும்.

"வாசிங்க டீச்சரம்மா" என்றாள் ராக்காயி.

வாசித்தேன். தோட்ட நிருவாகம் தனக்கு ஏற்பட்ட நட்டத்தை ரிக்கூப் செய்யும் உரிமையை, இறந்தவர் குடும்பத்தின் மீது கொண்ட கருணையினால் விட்டுக்கொடுக்கிறது.

ராக்காயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

செல்லசாமிக்குப் பதறியது. "தங்கச்சி, ஞாயித்துக்கெழம ரத்தாயிருச்சுல்ல? ஜெயிச்சுட்டோம்ல? வச்சுட்டு வா, பஸ்ஸு போயிரும்."

"இல்லண்ணே. அவங்களுக்கு நட்டம்னு இதுல எழுதியிருக்கு. அத நான் ஒத்துக்க மாட்டேன். எங்களுக்குக் கருணை காட்டுறாங்களாம்! லொறி நின்ன எடத்துல காட்டியிருக்க வேண்டியது அது." அவள் தொரையை நேராகப் பார்த்தாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், தொரை வந்தால் ஓரமாக ஒதுங்கித் தலையைக் குனிந்தே பழகியவள். "எழந்தவ நான். நான் எதத் திரும்ப எடுக்கிறது, யாருகிட்டயிருந்து எடுக்கிறது? கேளுங்க டீச்சரம்மா. அவங்க எழுதின அந்தச் சொல்லுலயே கேளுங்க."

கேட்டேன். "இழந்தவள் தான்தான் என்கிறாள். அவள் எதை ரிக்கூப் செய்வது, யாரிடமிருந்து ரிக்கூப் செய்வது?"

தொரை சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கெட்ட சிரிப்புக்கூட இல்லை. பிள்ளைகளின் கொப்பியைத் திருத்தும்போது எனக்கே வருமே, அந்தச் சிரிப்பு.

"மிஸ் சுகிர்தம், அந்தச் சொல்லை அப்படிப் பாவிப்பதில்லை. நட்டத்தை ரிக்கூப் செய்யலாம், செலவை ரிக்கூப் செய்யலாம். ஒரு மனிதனை ரிக்கூப் செய்வது என்று இங்கிலீஷில் இல்லை. அது பிழையான பிரயோகம்."

பிரயோகம்! ஒரு பெண் புருசனை வாரிக் கொடுத்துவிட்டு வந்து முன்னால் நிற்கிறாள், இந்த மனிதர் எனக்கு இலக்கணம் நடத்துகிறார்! என் சம்பளம், என் குவாட்டர்ஸ், என் பெட்டி எல்லாம் அந்த நிமிடம் எனக்கு மறந்துபோயிற்று. "அந்தச் சொல்லை எப்படிப் பாவிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் ஐயா. அந்த மனுவை எழுதியவளே நான்தான்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சிரிப்பு நின்றது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் ராக்காயிக்கு அதனால் என்ன?

"என்னா சொல்றாரு?" என்று கேட்டாள்.

மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்கவில்லை. "அந்தச் சொல்ல ஆளுக்குப் பாவிக்க மாட்டாங்களாம் அக்கா. பொருளுக்குத்தான் பாவிப்பாங்களாம்."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. "அப்ப ஆளு போனா அவங்க பாஷையில என்னா சொல்லுவாங்களாம்? அத எழுதச் சொல்லுங்க. அதுக்குக் கைநாட்டு வைக்கிறேன்."

அதையும் சொன்னேன். தொரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மழை வலுத்துவிட்டது. மாத்தையா ராக்காயியைப் பார்த்தார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, நட்டம் என்றும் கருணை என்றும் இருந்த வரியை முழுக்க அடித்தார். மேலே தன் கையால் ஒரு வரி எழுதி, தொரையிடம் நீட்டினார். தொரை வாசித்துவிட்டு, கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

தாள் என் கைக்கு வந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இதைத்தானே கேட்டோம்! பேச்சியம்மா என் வீட்டில் நின்று சொன்னது கவர்மெண்டுத் தாளில் ஏறிவிட்டதே என்று இருந்தது. "அக்கா, மாத்தையா மாத்தி எழுதிட்டாரு! கேளுங்க. மேல்கணக்கு சோலைமலையின் மரணத்தினால் தோட்டத்துக்கு எந்த நட்டமும் ஏற்படவில்லை. அவ்வளவுதான். தொரையும் கையெழுத்து வச்சுட்டாரு."

"இன்னொரு வாட்டி வாசிங்க."

வாசித்தேன். இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் அந்த வரி வேறு என்ன சொல்கிறது என்று எனக்கே கேட்டது.

"எம் புருசன் செத்தாரு. தோட்டத்துக்கு நட்டம் ஒண்ணும் இல்ல" என்று ராக்காயி மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "சரிதான் டீச்சரம்மா. இப்பத்தான் உள்ளத எழுதியிருக்காங்க. எங்க வைக்கணும், காட்டுங்க."